நிலாவைப் பிடிக்க எந்த லென்ஸ்? ஒரு களத்தின் முகப்பை ஒழித்துப் போட்ட கதை

எங்கள் புகைப்படக் களத்தில், அதாவது இணைய விவாத மன்றத்தில், ஒரு புது உறுப்பினர் ஒரே கேள்வியை மூன்று இடத்தில் போட்டிருந்தார். "நிலாவைப் படம் பிடிக்க எந்த லென்ஸ் வாங்கலாம்?" லென்ஸ் பகுதியில் ஒன்று, இரவுப் படங்கள் பகுதியில் ஒன்று, புதியவர் கேள்விகளில் ஒன்று. பதிவுகளை ஒழுங்குபடுத்தும் மட்டுறுத்துநர்களில் ஒருவர் இரண்டைப் பூட்டிவிட்டு, "ஒரே கேள்வியைப் பல இடங்களில் போடக் கூடாது, விதி 6 பார்க்கவும்" என்று எழுதிவிட்டுப் போய்விட்டார். மிச்சமிருந்த ஒன்றுக்கும் யாரும் பதில் சொல்லவில்லை. கேட்டவர் அதற்கப்புறம் வரவேயில்லை.

சொல்லியிருக்க வேண்டிய பதில் நாலைந்து வரிதான். லென்ஸின் குவியத் தூரத்தை 110-ஆல் வகுத்தால், கேமராவுக்குள் படம் பதியும் சென்சாரில் நிலா எத்தனை மில்லிமீட்டர் விழும் என்று தோராயமாகத் தெரிந்துவிடும். 200 மி.மீ. லென்ஸ் என்றால் நிலா 2 மில்லிமீட்டர்கூட வராது. ஃபுல் ஃப்ரேம் என்ற பெரிய சென்சாரின் உயரமோ 24 மி.மீ. நிலா படத்தில் ஓரளவு பெரிதாகத் தெரிய வேண்டுமானால் 400-க்கு மேல் போக வேண்டும். அவ்வளவுதான். இதைச் சொல்லத் தெரிந்தவர்கள் களத்தில் முப்பது பேராவது இருப்பார்கள்.

அன்று ராத்திரி உட்கார்ந்து யோசித்தேன். அந்தக் கேள்வியை நானாக இருந்தால் எங்கே போட்டிருப்பேன்? பன்னிரண்டு வருடமாக அந்தப் புகைப்படக் களத்துக்கு நான்தான் நிர்வாகி. பகுதிகளில் பாதியைத் திறந்து வைத்தவனும் நான்தான். எனக்கே தெரியவில்லை.

களம் ஓடுவது பிஎச்பிபிபி (phpBB) என்ற, களம் நடத்துவதற்கான மென்பொருளில், 3.3 வரிசை. முகப்பில் 7 தலைப்புகள், அவற்றின் கீழே 34 பகுதிகள். கேமராக்கள், லென்ஸ்கள், முக்காலியும் பையும், ஃபிளாஷ், பிலிம் கேமரா, இருட்டறை, இரவுப் படங்கள், பறவைகள், பூச்சிகள், பூக்கள், முகங்கள், தெருப் படங்கள், கருப்பு வெள்ளை, படம் திருத்தும் மென்பொருள்கள், மென்பொருள் அல்லாத கணினிக் கேள்விகள் (இப்படி ஒரு பகுதி நிஜமாகவே இருந்தது), பொது, இதர, அரட்டை... மேலே ஐந்து அறிவிப்புகள். கீழே யார் யார் உள்ளே இருக்கிறார்கள், இன்று பிறந்தநாள் யாருக்கு, மொத்தப் பதிவுகள் எத்தனை என்ற பெட்டிகள். போனில் திறந்தால் அடியைத் தொடுவதற்குள் பதினொரு முறை தள்ள வேண்டியிருந்தது. எண்ணிப் பார்த்தேன்.

இத்தனை பகுதிகள் எப்படி வந்தன என்பதற்கு ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை உண்டு. பூச்சிப் படங்களைப் பார்த்தால் அருவருப்பாக இருக்கிறது என்று ஒருவர் சண்டை போட்டதால் பூச்சிகளுக்குத் தனிப் பகுதி. பூச்சிக்குக் கொடுத்தால் பூவுக்கு வேண்டாமா என்று பூக்கள். இருட்டறைப் பகுதி, பிலிம் கழுவுவதில் கெட்டிக்காரரான ஓர் உறுப்பினர் நிறைய எழுதுவதாக வாக்குக் கொடுத்ததால் திறந்தது. அவர் எழுதியது நான்கே பதிவு. திறக்கும்போது ஒவ்வொன்றும் நியாயமாகத்தான் பட்டது. மூடுவதற்கு மட்டும் ஒரு காரணமும் கிடைக்காமலே வருடங்கள் ஓடிவிட்டன.

முதலில் நான் செய்தது தப்பான வேலை. பிரச்சினை கண்ணுக்குத் தெரிவதில்தான் இருக்கிறது என்று நினைத்து, தோற்றத்தை மாற்றினேன். எழுத்தைச் சின்னதாக்கினேன், வரிகளுக்கு நடுவே இடைவெளியைக் குறைத்தேன், தலைப்புகளை மடித்து வைக்க ஒரு நீட்சியை, அதாவது மென்பொருளோடு சேர்க்கும் ஒரு கூடுதல் துண்டைப் போட்டேன். முகப்பு பளிச்சென்று ஆனது. ஒரு வாரம் எனக்குப் பெருமை தாங்கவில்லை. அப்புறம் பார்த்தால் மடித்து வைத்த தலைப்புகளுக்குள் இருந்த பகுதிகளில் புதுத் திரியே (ஒரு கேள்வியும் அதன் பதில்களும் சேர்ந்த தொடர்) விழவில்லை. எல்லாம் முதல் தலைப்பிலும் அரட்டையிலும் வந்து குவிந்தன. குப்பையைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு வீட்டைப் பெருக்கியாயிற்று என்று சொன்ன மாதிரிதான். நீட்சியைக் கழற்றினேன்.

அடுத்து, குறைவாகப் பதிவு விழும் பகுதிகளை மூடிவிடலாம் என்று ஒரு பட்டியல் போட்டேன். பட்டியலின் அடியில் பிலிம் கேமரா இருந்தது. மாதத்துக்கு நான்கைந்து திரிதான். ஆனால் உள்ளே போய்ப் பார்த்தால், அங்கே கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும் ஒரே நாளில் பதில் வந்திருந்தது. ஆறேழு பேர் அந்த இடத்தைத் தினமும் எட்டிப் பார்க்கிறார்கள். இன்னொரு பக்கம், பட்டியலின் மேலே இருந்த 'பொது' பகுதியில் பதிவுகள் குவிந்து கிடந்தன. பாதிக் கேள்விக்குப் பதிலே இல்லை. ஆக, எண்ணிக்கையை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

வழி காட்டியது நான் பல வருடமாகத் திறந்தே பார்க்காத ஒரு பக்கம்: மட்டுறுத்துநர் பதிவேடு. நிர்வாகப் பலகத்தில் பராமரிப்பு என்ற தத்தலுக்குள் (டேப்) இருக்கும். யார் எந்தத் திரியைப் பூட்டினார்கள், எதைத் திருத்தினார்கள், எதை எங்கிருந்து எங்கே நகர்த்தினார்கள் என்று எல்லாம் வரிவரியாக அதில் இருக்கிறது. எனக்கு வேண்டியது அந்த நகர்த்தல் வரிகள் மட்டும். ஒரு திரி நகர்த்தப்பட்டிருக்கிறது என்றால், எழுதியவர் ஓர் இடம் என்று நினைத்தார், நாங்கள் வேறு இடம் என்று நினைத்தோம் என்று அர்த்தம். அதாவது முகப்பு அவரைத் தப்பான வாசலுக்கு அனுப்பியிருக்கிறது.

இரண்டு வருடத்து வரிகளை எடுத்து விரிதாளில் போட்டு, எங்கிருந்து எங்கே என்று ஜோடி ஜோடியாக எண்ணினேன். ஞாயிற்றுக்கிழமை பகல் முழுக்கப் போனது. நகர்த்தல்களில் பாதிக்கு மேல் ஐந்தே ஐந்து ஜோடிகளுக்குள் அடங்கிவிட்டன. கேமராக்களுக்கும் லென்ஸ்களுக்கும் இடையே போக வர. பொதுவுக்கும் இதரவுக்கும் இடையே. புதியவர் கேள்விகளிலிருந்து மற்ற எல்லா இடத்துக்கும். இரவுப் படங்களிலிருந்து முக்காலிக்கும், முக்காலியிலிருந்து இரவுப் படங்களுக்கும். 'என் படங்கள்' பகுதிக்கும் 'விமரிசனம் வேண்டும்' பகுதிக்கும் இடையே.

இதில் பொதுவும் இதரவும் சிரிப்பை வரவழைத்தன. ஒரே மாதிரியான திரியை ஒரு மட்டுறுத்துநர் அங்கிருந்து இங்கே நகர்த்தியிருக்கிறார், அடுத்த வாரம் இன்னொருவர் இங்கிருந்து அங்கே. ஒரே திரி இரண்டு தடவை பயணம் போனதும் உண்டு. இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று மூன்று மட்டுறுத்துநர்களைத் தனித்தனியாகக் கேட்டேன். மூன்று பேரும் உறுதியாகப் பதில் சொன்னார்கள். மூன்றும் வேறு வேறு பதில்.

அதுவரை நெரிசல் என்றால் பகுதிகளின் எண்ணிக்கை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பிலிம் பகுதி யாருக்கும் குறுக்கே நிற்கவில்லை. பிலிம் ஆட்களுக்கு அது எங்கே இருக்கிறது என்று தெரியும், மற்றவர்கள் தாண்டிப் போய்விடுகிறார்கள். வந்தவரை நிறுத்தி யோசிக்க வைத்தவை ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நிற்கும் பகுதிகள்தான். அவை நான்கே இருந்தாலும் முகப்பு நெரிசல்தான்.

பதிவேட்டைப் பார்த்தது போதாது என்று இன்னொரு வேலையும் செய்தேன். 34 பகுதிகளின் பெயரையும் துண்டுத் தாள்களில் எழுதி மேசையில் பரப்பினேன். களத்தில் நிஜமாக வந்த 40 கேள்விகளை வேறு நிறத் தாளில் எழுதினேன். களத்தைப் பார்த்தேயிராத நாலு பேரை ஒவ்வொருவராக உட்கார வைத்து, எந்தக் கேள்வி எங்கே போகும் என்று வைக்கச் சொன்னேன். ஒன்றும் பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்து கைகளை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். சிரமமான பகுதி அந்தப் பேசாமல் இருப்பதுதான். "அது அங்கே இல்லை" என்று நாக்கு நுனி வரை வந்துவிடும். எங்கே கை தாளோடு அந்தரத்தில் நிற்கிறதோ, அங்கே ஒரு குறி போட்டேன். நிலாக் கேள்வியோடு நாலு பேர் கையும் நின்றன. ஒருவர் அதை லென்ஸில் வைத்து, எடுத்து, இரவில் வைத்து, மறுபடி எடுத்து, "இதைக் கேட்காமலே இருந்துவிடலாம்" என்றார். விளையாட்டாகத்தான் சொன்னார்.

அதே தாள்களில் பெயர்களை எடுத்துவிட்டு, கேள்விகளை மட்டும் கொடுத்து, ஒன்றாக இருக்க வேண்டியவற்றைச் சேர்த்து வைக்கச் சொன்னதும் விஷயம் தெளிந்தது. கேமரா, லென்ஸ், முக்காலி என்று பொருள் வாரியாக யாரும் பிரிக்கவில்லை. வாங்குவதற்கு முன்னால் கேட்பது ஒரு குவியல், எப்படி எடுப்பது என்று கேட்பது ஒரு குவியல், கருவி மக்கர் பண்ணுகிறது என்பது ஒரு குவியல். நாங்கள் கடை அலமாரி மாதிரி அடுக்கி வைத்திருக்கிறோம். வருகிறவரோ எதற்காக வந்தோம் என்பதை வைத்துத் தேடுகிறார்.

புது அமைப்பு இப்படி வந்தது: வரவேற்பும் விதிகளும், எதை வாங்கலாம், எப்படி எடுப்பது, கருவி பழுதும் பராமரிப்பும், கணினியில் திருத்துவது, என் படங்கள், விமரிசனம் வேண்டும், பிலிம், மாதப் போட்டி, வாங்க விற்க, அரட்டை. மொத்தம் 11. பெயருக்குக் கீழே இருக்கும் விளக்க வரியில் முன்பு "இங்கே லென்ஸ்கள் தொடர்பான அனைத்து விவாதங்களும் வரவேற்கப்படுகின்றன" என்பது போல் எழுதி வைத்திருந்தோம். படித்தால் ஒரு தகவலும் கிடைக்காத வரி. அதை எடுத்துவிட்டு இரண்டு உதாரணக் கேள்விகளைப் போட்டேன். 'எதை வாங்கலாம்' என்பதன் கீழே நிலாக் கேள்விதான் முதல் உதாரணம்.

என் படங்களையும் விமரிசனத்தையும் ஒன்றாக்கவில்லை. பதிவேட்டில் அவை இடித்துக்கொண்டது உண்மைதான். ஆனால் அங்கே பெயர்தான் கோளாறு, பகுதி அல்ல. படத்தைக் காட்டிச் சந்தோஷப்பட வந்தவரிடம் போய் "அடிவானம் சாய்ந்திருக்கிறது" என்றால் மனம் நொந்துபோவார். விமரிசனப் பகுதியின் விளக்கத்தில் "இங்கே போட்டால் குறைகளையும் சொல்வோம்" என்று ஒரே வரி எழுதினேன். அது போதுமானதாக இருந்தது.

இனி கைவேலை. நேரடியாகக் களத்தில் கை வைக்கும் அளவுக்குத் துணிச்சல் எனக்கு இல்லை. அதே சர்வரில் ஒரு தனி அடைவில், தனித் தரவுத்தளத்தோடு ஒரு நகல் போட்டேன். தரவுத்தளத்தின் பேக்கப்பை நகலில் ஏற்றியதும் முதல் அடி விழுந்தது: தமிழ் எழுத்து ஒன்றுகூட இல்லை, பக்கம் பூராவும் கேள்விக்குறிகள். பேக்கப் எடுத்த இடத்தில் எழுத்துக் குறியாக்கம் லத்தீன் என்று இருந்திருக்கிறது. எடுக்கும்போதும் ஏற்றும்போதும் தமிழையும் தாங்கும் குறியாக்கமான யுடிஎஃப்8எம்பி4 என்று வெளிப்படையாகக் குறிப்பிட்ட பிறகு சரியானது. யோசித்தால் வயிற்றைப் பிசைகிறது. இத்தனை வருடம் மாதா மாதம் எடுத்து வைத்த பேக்கப்புகளில் எத்தனை இப்படி உபயோகமில்லாமல் கிடக்கின்றனவோ. ஒரு தடவைகூட ஏற்றிப் பார்த்ததில்லை. நீங்கள் களம் நடத்துகிறவர் என்றால், இந்தப் பத்தியோடு நிறுத்திவிட்டுப் போய் உங்களுடையதை ஏற்றிப் பார்த்துவிட்டு வாருங்கள். நான் காத்திருக்கிறேன்.

நகலில் மறக்காமல் செய்ய வேண்டியது ஒன்று உண்டு: மின்னஞ்சல் அனுப்பும் வசதியை அணைப்பது. நகலிலும் இருப்பது நிஜ உறுப்பினர்களின் நிஜ முகவரிகள். சோதனைக்காக நாம் ஒரு பதில் போட்டால் அந்தத் திரியைப் பின்தொடர்கிற எல்லோருக்கும் கடிதம் போய்விடும். நாம் உள்ளே நுழைந்திருக்கிறோம் என்று உலாவி வைத்துக்கொள்ளும் சிறு குறிப்பான குக்கீயின் பெயரையும் மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் நகலில் உள்ளே நுழைந்தால் அசலிலிருந்து வெளியே வந்துவிடுவோம்.

பகுதிகளை ஒன்றாக்க பிஎச்பிபிபியில் தனியாக ஒரு பொத்தான் கிடையாது. அழிக்கும் பொத்தானைத்தான் அழுத்த வேண்டும். அழுத்தினால் ஒரு பக்கம் வரும்: பதிவுகளை அழிக்கவா, வேறு பகுதிக்கு நகர்த்தவா? இரண்டு வட்டங்கள். என் திரையில் 'அழிக்க' என்ற வட்டம்தான் ஏற்கெனவே தேர்வாகி இருந்தது. நகர்த்து என்ற வட்டத்தைத் தொட்டு, பக்கத்துப் பட்டியலில் சேர வேண்டிய பகுதியைத் தேர்ந்து, அப்புறம்தான் சமர்ப்பிக்க வேண்டும். 23 தடவை இதைச் செய்ய வேண்டியிருந்தது. பத்துக்கு மேல் போனதும் கை தானாக ஓட ஆரம்பிக்கிறது, அங்கேதான் ஆபத்து. ஒரு தாளில் பழைய பகுதி, புதுப் பகுதி என்று இரண்டு பத்தி போட்டு, ஒவ்வொன்றையும் வாய்விட்டுப் படித்த பிறகே சமர்ப்பித்தேன். பார்த்தவர்கள் பைத்தியம் என்று நினைத்திருப்பார்கள்.

இந்த முறையில் ஒரு நன்மையும் உண்டு. திரிகளை ஒவ்வொன்றாக நகர்த்தினால், பழைய இடத்தில் நிழல் திரி ஒன்றை விட்டுவைக்கலாமா என்று கேட்கும். விட்டால் "நகர்த்தப்பட்டது" என்ற வரிகள் பட்டியல் முழுக்க நிற்கும், அதுவே ஒரு குப்பை. பகுதியோடு சேர்த்து மொத்தமாக நகர்த்தும்போது அந்தத் தொல்லை இல்லை. திரிகளின் எண்ணும் மாறுவதில்லை, ஆகவே வெளியில் யாராவது ஒரு திரிக்கு இணைப்புக் கொடுத்திருந்தால் அது உடையாது. பத்துப் பதினைந்து பழைய இணைப்புகளைத் திறந்து பார்த்தேன், எல்லாம் வந்தன.

பழைய பதிவுகளைத் தானாகக் களையெடுக்கும் வசதியும் மென்பொருளில் இருக்கிறது, இத்தனை நாள் யாரும் எழுதாத திரியை எடுத்துவிடு என்று சொல்லி வைக்கலாம். மட்டுறுத்துநர் ஒருவர் அதைப் போடச் சொன்னார். அது ஒதுக்கி வைப்பதில்லை, அழித்தே விடுகிறது. எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தின கதை. வேண்டாம் என்றேன்.

நகலில் செய்து பார்த்ததால் பெரிய விபத்து ஒன்று தப்பியது. மாதப் போட்டிக்கு நடுவர்கள் மட்டும் பார்க்கிற ஒரு மறைவான பகுதி உண்டு. மதிப்பெண்களும் "இவர் படம் போன தடவை போட்டதேதான்" போன்ற பேச்சுகளும் அங்கே இருக்கும். போட்டி சம்பந்தப்பட்டது எல்லாம் ஒரே இடத்தில் இருக்கட்டும் என்று அதையும் 'மாதப் போட்டி'யோடு சேர்த்துவிட்டேன். அனுமதி என்பது பகுதியைச் சேர்ந்தது, பதிவைச் சேர்ந்தது அல்ல. பதிவு எந்தப் பகுதிக்குப் போகிறதோ அந்தப் பகுதியின் கதவுதான் அதற்கும் கதவு. வெளியேறி, விருந்தாளியாக உள்ளே வந்து பார்த்தேன்: ஏழு வருட நடுவர் பேச்சு உலகத்துக்கே திறந்து கிடக்கிறது. நகல்தான். ஆனாலும் கை நடுங்கியது. அன்றிலிருந்து ஒவ்வொரு மாற்றத்துக்குப் பின்னும் விருந்தாளியாக ஒரு தடவை, சாதாரண உறுப்பினராக ஒரு தடவை பார்க்காமல் அடுத்ததைத் தொடுவதில்லை.

மாற்றப் போகிறோம் என்று பத்து நாள் முன்னதாக அறிவித்தோம். நான் எதிர்பார்த்த எதிர்ப்பு வேறு, வந்தது வேறு. பொதுவும் இதரவும் போனதற்கு ஒருவரும் வருத்தப்படவில்லை. பறவை ஆட்கள்தான் கொதித்துவிட்டார்கள். பறவைப் படங்களை 'என் படங்கள்' பகுதியில் சேர்த்தால் காலையில் போட்ட மீன்கொத்தி சாயங்காலத்துக்குள் மூன்றாம் பக்கத்துக்குப் போய்விடும் என்றார்கள். நியாயம்தான்.

இந்தச் சண்டை ஒன்றும் புதிதில்லை. வலைத்தளங்களே இல்லாத காலத்தில், யூஸ்நெட் என்ற கணினி வலையின் செய்திக் குழுக்களை (அந்தக் காலத்து விவாதக் களங்கள்) 1986-87-இல் மொத்தமாக மாற்றி அடுக்கினார்கள். பெரும் பெயர்மாற்றம் என்றே அதற்குப் பெயர். கணினி, அறிவியல், பொழுதுபோக்கு, சமூகம் என்று ஏழு பெருந்தலைப்புகளுக்குள் எல்லாக் குழுக்களும் வந்தாக வேண்டும். எது எந்தத் தலைப்பில் என்று அடித்துக்கொண்டார்கள். அந்த அடுக்குக்குள் அடங்க மறுத்தவர்களுக்கு 'ஆல்ட்' என்று தனியாக ஒரு வரிசையே கிளம்பியது. அதைப் படித்த பிறகு பறவை ஆட்களின் மேல் இருந்த கோபம் கொஞ்சம் தணிந்தது.

அவர்களுக்குக் கிடைத்தது ஓர் உட்பகுதி. 'என் படங்கள்' பகுதிக்குள் போனால் மேலே 'பறவைகள்' இருக்கும். முகப்பில் தாய்ப் பகுதிக்குக் கீழே உட்பகுதிகளின் பெயரைக் காட்டலாமா என்று மென்பொருள் கேட்கிறது. இல்லை என்று குறித்துவிட்டேன். பறவை ஆட்களுக்கு வழி தெரியும், மற்றவர்களுக்கு அது கண்ணில் படாது. பூச்சி ஆட்கள் தங்களுக்கும் கேட்பார்கள் என்று பயந்தேன். கேட்கவில்லை. பூச்சிகளைத் தனியாக வைக்கச் சொன்னது அவர்களே இல்லையே.

அசலில் மாற்றியது ஒரு செவ்வாய் அதிகாலை. களத்தை மூடி, அறிவிப்பு போட்டு, தாளைப் பார்த்து, வாய்விட்டுப் படித்து, ஒன்றரை மணி நேரத்தில் முடிந்தது. அப்புறம்தான் சொதப்பினேன்.

திரிகளின் இணைப்பு உடையாது. ஆனால் மூடிய பகுதிகளின் முகவரி உடையும். அப்படி ஒரு பகுதியே இல்லை என்று பிழைச் செய்தி வரும். பலர் தங்களுக்கு வேண்டிய பகுதியைப் புத்தகக்குறியாக வைத்திருப்பார்கள், தேடுபொறிகளிலும் அவை இருக்கும். ஆகவே பழைய பகுதி எண்ணுக்கு வந்தால் புதிய பகுதிக்குத் திருப்பிவிட, சர்வரின் எச்டிஆக்சஸ் (.htaccess) என்ற அமைப்புக் கோப்பில் வரிகள் எழுத வேண்டும். எங்கள் சர்வரில் ஓடுவது அப்பாச்சி என்ற மென்பொருள். அதில் சாதாரண ரீடைரக்ட் கட்டளை, முகவரியில் கேள்விக்குறிக்குப் பின்னால் இருப்பதைக் கண்டுகொள்ளாது. பகுதி எண் இருப்பதோ கேள்விக்குறிக்குப் பின்னால்தான். அதனால் முகவரியை மாற்றி எழுதும் ரீரைட் விதி எழுத வேண்டும். இதுவரை சரியாகத்தான் போனேன்.

பகுதி எண் 1, ஆதி காலத்து 'விதிகள்' பகுதி. முகவரியில் எஃப்=1 என்று இருந்தால் வரவேற்புப் பகுதிக்கு அனுப்பு என்று எழுதினேன். கணினி சொன்னதைச் செய்தது. எஃப்=14 என்பதிலும் எஃப்=1 இருக்கிறது. 11, 12, 17, 19, எல்லாவற்றிலும் இருக்கிறது. விமரிசனப் பகுதியின் எண் 14, அரட்டையின் எண் 17. இரண்டும் உயிரோடு இருக்கிற பகுதிகள். அவற்றைத் தொட்ட எல்லோரும் "வாருங்கள், உங்களை அறிமுகப்படுத்திக்கொள்ளுங்கள்" என்ற பக்கத்தில் போய் நின்றார்கள். பத்து வருட உறுப்பினர் ஒருவர் அங்கேயே, "சரி, மறுபடி அறிமுகம் செய்துகொள்கிறேன்" என்று எழுதியிருந்தார்.

எண்ணுக்கு அடுத்து முகவரி முடிய வேண்டும், அல்லது ஒரு & குறி வர வேண்டும் என்று விதியை இறுக்கினேன். ஐந்து நிமிட வேலை. எனக்குச் சரியாகிவிட்டது. ஆனால் "இன்னும் அறிமுகத்துக்கே போகிறது" என்று செய்திகள் வந்துகொண்டே இருந்தன. காரணம், நான் போட்டது 301, அதாவது நிரந்தரத் திருப்பம். நிரந்தரம் என்று சொன்னால் உலாவி அதை நம்பி நினைவில் வைத்துக்கொள்கிறது. அடுத்த தடவை சர்வரைக் கேட்பதே இல்லை. என் கோப்பில் என்ன திருத்தினாலும் அது அவர்களைப் போய்ச் சேராது. விதி தப்பாக இருந்த அந்த முக்கால் மணி நேரத்தில் வந்தவர்கள் எல்லோரிடமும், உலாவியின் தற்காலிகச் சேமிப்பை அழியுங்கள் என்று ஒவ்வொருவராகச் சொல்ல வேண்டியதாயிற்று. எனக்கு ஏன் சரியாகத் தெரிந்தது? நான் எப்போதும் சோதனைக்கு, பழையதை நினைவில் வைத்திராத தனிச் சாளரம் (பிரைவேட் விண்டோ) திறப்பவன். முதலில் தற்காலிகத் திருப்பமான 302 போட்டு ஒரு வாரம் ஓடவிட்டு, எல்லாம் சரி என்று தெரிந்த பிறகு 301 ஆக்கியிருக்க வேண்டும்.

மூன்று நாள் கழித்து இன்னொரு புகார் வந்தது. லென்ஸ் பகுதியை மின்னஞ்சலில் பின்தொடர்ந்தவர் ஒருவர், "ஒரு கடிதமும் வருவதில்லையே, களம் நடக்கிறதா?" என்று கேட்டார். தனித் திரியைப் பின்தொடர்ந்தவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. பகுதியையே பின்தொடர்ந்தவர்களின் சந்தா, பகுதி அழியும்போது கூடவே அழிந்துவிடுகிறது. பதிவுகள் நகர்ந்தாலும் சந்தா நகராது. செய்வதற்கு முன்னால் தரவுத்தளத்தில் அந்த அட்டவணையைத் தனியாக எடுத்து வைத்திருந்தால் யார் யார் என்றாவது தெரிந்திருக்கும். நல்ல வேளை, இந்தத் தடவை பேக்கப் படிக்கும்படி இருந்தது. அதிலிருந்து பட்டியலை எடுத்து அத்தனை பேருக்கும் தனிமடல் அனுப்பினேன்.

அறிவிப்புகளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஐந்தில் ஒன்று 2016-இல் சர்வர் மாற்றியபோது போட்டது; "இன்று இரவு களம் இயங்காது" என்று இத்தனை வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. நாலை எடுத்தேன். இனி அறிவிப்போ ஒட்டி வைத்த திரியோ போடும்போது எத்தனை நாள் நிற்க வேண்டும் என்ற கட்டத்தை நிரப்பாமல் போடக் கூடாது என்று ஏற்பாடு. நாள் முடிந்தால் அது தானாகச் சாதாரணத் திரியாகிக் கீழே இறங்கிவிடும். அந்தக் கட்டம் எப்போதும் அங்கேதான் இருந்தது. பூஜ்யம் என்று விட்டால் நிரந்தரம் என்று அர்த்தம். நாங்கள் எல்லோரும் பூஜ்யம் என்றே விட்டிருந்தோம்.

முகப்பின் அடியில் இருந்த பெட்டிகளில் பிறந்தநாள் பட்டியலையும் அணைத்தேன். யாருக்கு வேண்டும் அது என்ற எண்ணம். இரண்டாம் நாளே தனிமடல். களத்தில் படமே போடாத, கேள்வியே கேட்காத ஒரு மூத்த உறுப்பினர். "தம்பி, பிறந்தநாள் பெட்டியைக் காணோமே. தினமும் காலையில் அதைப் பார்த்துத்தான் பிள்ளைகளுக்கு வாழ்த்து எழுதுவேன்" என்று இருந்தது. அவருடைய பதிவுகளைத் தேடிப் பார்த்தேன். ஆயிரக்கணக்கில் இருந்தன, எல்லாம் அரட்டைப் பகுதியில் ஒரே திரியில், எல்லாம் வாழ்த்து. வாழ்த்துப் பெற்றவர்களில் பலர் ஒரு நன்றி எழுதிவிட்டு, அதோடு போகாமல் புதிதாக ஒரு படமும் போட்டிருந்தார்கள். பெட்டியைத் திரும்பப் போட்டுவிட்டு, "மன்னிக்கணும் ஐயா, கை தவறிவிட்டது" என்று பதில் எழுதினேன். கை தவறவில்லை என்பது அவருக்கும் தெரிந்திருக்கும்.

இப்போது போனில் மூன்று தள்ளலில் அடி வந்துவிடுகிறது. நான்காம் மாதம் முடிந்ததும் மறுபடி பதிவேட்டை எடுத்து நகர்த்தல்களை எண்ணினேன். முன்பு ஒரு வாரத்தில் நடந்த அளவு இப்போது ஒரு மாதத்தில் நடக்கிறது. ஆனால் புதிதாக ஒரு ஜோடி முளைத்திருக்கிறது: 'எதை வாங்கலாம்' பகுதிக்கும் 'கருவி பழுது' பகுதிக்கும் இடையே. திறந்து பார்த்தால் பெரும்பாலும் ஒரே மாதிரிக் கேள்வி. "லென்ஸுக்குள் பூஞ்சை வந்துவிட்டது. சுத்தம் செய்யக் கொடுக்கலாமா, புதிதாகவே வாங்கிவிடலாமா?" எங்கே போக வேண்டும் இது? மூன்று மட்டுறுத்துநர்களையும் தனித்தனியாகக் கேட்டேன். இந்தத் தடவை மூன்று பேரும் தெரியவில்லை என்றார்கள். எங்கே விழுந்தாலும் அங்கேயே இருக்கட்டும், யாரும் நகர்த்த வேண்டாம், முதலில் பதில் சொல்லுங்கள் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.